பொம்மைப் படம் என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் சினிமா இணைப்பில், வாள் வீரர்களும் மந்திரவாதிகளும் மோதும் ஆங்கிலப் படங்களைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. மூன்று முறை படித்தேன். எழுதியவர் இளைஞராக இருக்க வேண்டும். ஆர்வத்தோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் பழைய படங்களை ஒரே வரியில் ‘பொம்மைகளை வைத்து எடுத்தவை’ என்று தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இந்த வகைக்கு உயிர் வந்தது என்று முடித்திருக்கிறார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிடும். முழுவதும் போட இடமில்லை என்றால் அந்தக் கட்டுரையாளருக்காவது அனுப்பிவையுங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தியேட்டரில் 1977-இல் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்து, பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவன். தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். ஆங்கிலப் படம் எங்களுக்குக் காலைக் காட்சி. ஒரு படம் மெட்ராஸில் ஓடி, மதுரையில் ஓடி, உடம்பெல்லாம் கீறலோடு எங்களிடம் வந்து சேரச் சில வருடம் ஆகும். அப்படி வந்ததுதான் 1973-இல் எடுத்த ‘தி கோல்டன் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்’. தட்டியில் ‘மாயாஜாலப் படம்’ என்று எழுதி வைத்தோம். எங்களுக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

அந்தப் படத்தில் கூரா என்று ஒரு மந்திரவாதி. டாம் பேக்கர் நடித்திருப்பார். சிந்துபாத்தும் அவனும் ஒரே புதையல் வழியைத் தேடி லெமூரியாத் தீவுக்குப் போகிறார்கள். (லெமூரியா என்ற பெயர் காதில் விழுந்ததும் எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் மறுநாளும் டிக்கெட் எடுத்து வந்தார். படத்தில் குமரிக்கண்டத்தின் சாயல் எதுவும் இல்லை என்று வருத்தத்தோடு போனார்.) கூரா ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும் அவனுக்கு வயது கூடுகிறது. முகம் சுருங்குகிறது, முடி நரைக்கிறது, கை நடுங்குகிறது. உளவு பார்க்கச் சிறகு முளைத்த ஒரு குட்டிச் சாத்தானைச் செய்கிறான். அதற்கு உயிர் வரத் தன் ரத்தத்தையே கொடுக்கிறான். படம் பாதி தாண்டும்போது நடக்கவே தள்ளாடுகிற கிழவனாகிவிடுகிறான். ஆனாலும் விடமாட்டேன் என்கிறான்.

ஐயா, இந்த வகைப் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மந்திரம் என்பது சும்மா கிடைப்பதல்ல. அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை நம் கண் முன்னால் ஒருவன் உடம்பில் தெரிய வேண்டும். உங்கள் கட்டுரை புகழ்ந்திருக்கும் புதுப் படங்கள் பலவற்றில் மந்திரவாதி கையை வீசினால் நெருப்பு வருகிறது, மறுபடி வீசினால் மறுபடி வருகிறது. அவனுக்கு மூச்சுகூட வாங்குவதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி. அதைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

சரி, பொம்மை விஷயத்துக்கு வருகிறேன்.

அதே படத்தில் ஆறு கையுள்ள காளி சிலைக்குக் கூரா உயிர் கொடுக்கிறான். முதலில் ஆட வைக்கிறான். எங்கள் தியேட்டரில் தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் அந்த இடத்தில் மூச்சுக் காட்டவில்லை. ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டதைப் புரொஜக்டர் ரூம் ஓட்டை வழியாக நானே பார்த்தேன். அப்புறம் ஆறு கையிலும் வாளோடு காளி சண்டைக்கு வருகிறாள். கடைசியில் மேலேயிருந்து தள்ளிவிட, விழுந்து உடைந்துபோகிறாள். நம் சாமியை ஒரு மந்திரவாதியின் ஏவல் பொம்மையாக வைத்தது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. அதை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் அந்தச் சண்டையைச் செய்தவரின் கை வேலையை நான் எந்தக் கோவில் சிற்பத்துக்கும் கீழே வைக்க மாட்டேன்.

எங்கள் புரொஜக்டர் கார்பன் குச்சியில் எரிகிற பழைய மிஷின். இரண்டு குச்சிக்கும் நடுவில் இடைவெளி கூடாமல் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் திரை மங்கிவிடும். முதல் நாள் காளி சண்டையில் நான் ஓட்டையோடு ஒட்டி நின்றுவிட்டேன். திரை மஞ்சளடித்து, கீழே விசில் பறக்கிறது. பெரிய ஆபரேட்டர் அண்ணாச்சி ஓடிவந்து, “ஏலே, கார்பனைப் பாருல! நீ படம் பாக்கவா வந்த?” என்று தலையில் தட்டினார். காட்சி முடிந்ததும், “அண்ணாச்சி, செல எப்படி அண்ணாச்சி சண்ட போடுது?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த ரீலை ரீவைண்டிங் மேசையில் மாட்டி, அடியில் பல்பைப் போட்டு, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு ஃபிலிமில் நான் பார்த்ததைத்தான் உங்கள் கட்டுரையாளருக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஃபிரேம் என்றால் ஃபிலிமில் இருக்கும் ஒவ்வொரு தனிப் படம். ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். சிந்துபாத் வாளை வீசும் ஃபிரேமில் அவன் கை கலங்கலாக, இழுபட்டுத் தெரிகிறது. ஓடுகிற எதையும் கேமரா அப்படித்தான் பிடிக்கும். காளியின் கையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் கல்வெட்டு மாதிரி தெளிவாக நிற்கிறது. ஏனென்றால் கேமரா திறந்த நேரத்தில் அந்தக் கை அசையவே இல்லை. ஒருவர் கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு விலகி, ஒரு ஃபிரேம் எடுத்து, மறுபடி நகர்த்தியிருக்கிறார். ஆறு கைக்கும் அப்படி. அந்தத் தெளிவால்தான் திரையில் காளியின் அசைவு வெட்டி வெட்டி, மனுஷ அசைவு மாதிரி இல்லாமல் தெரிகிறது. அதனாலேயே மயிர்க்கூச்செறிகிறது. கல் நடந்தால் அப்படித்தான் நடக்கும் என்று மனது ஒப்புக்கொள்கிறது.

அவர் பெயர் ரே ஹாரிஹவுசன் என்பது எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1920-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். சிறுவனாக 1933-இல் ‘கிங் காங்’ பார்த்துவிட்டு அந்தக் குரங்கை எப்படி அசைத்தார்கள் என்று தேடிப்போனவர், 2013-இல் இறக்கும் வரை அந்த ஆச்சரியத்தை விடவில்லை. பொம்மைகளுக்குள் இருக்கும் இரும்பு எலும்புக்கூட்டை அவருடைய அப்பாவே கடைந்து கொடுத்திருக்கிறார். இன்னொன்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவர் பொம்மையை வைத்து எடுத்த இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை, அதற்கும் பின்னால் ஒரு புரொஜக்டர். நடிகர்கள் வெறும் காற்றோடு சண்டை போட்டதை முதலில் எடுத்து, அதை ஒவ்வொரு ஃபிரேமாக அந்தத் திரையில் நிறுத்திவைத்து, முன்னால் பொம்மையைப் பொருத்தமாக நகர்த்தியிருக்கிறார். படத்தின் கீழ்ப்பாதியைக் கறுப்புக் கண்ணாடியால் மறைத்து, அதே ஃபிலிமில் மறுபடி ஓட்டி நிரப்பினால் பொம்மை நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆக, அவரும் ஒரு வகையில் ஆபரேட்டர்தான். நான் வினாடிக்கு 24 ஓட்டினேன், அவர் ஒன்று ஓட்டிவிட்டு நிறுத்தினார்.

இங்கே கட்டுரையில் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். ஏழு எலும்புக்கூடுகள் சண்டை போடுவது 1958-இல் வந்த சிந்துபாத் படம் என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. 1958-இல் ‘தி செவன்த் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்’ படத்தில் ஒரே ஒரு எலும்புக்கூடுதான். பெர்னார்ட் ஹெர்மன் அதற்குச் சைலஃபோனில் மரக்கட்டை தட்டுகிற மாதிரி இசை போட்டிருப்பார், எலும்பு எலும்போடு உரசுகிற சத்தமாகவே கேட்கும். ஏழு எலும்புக்கூடு வருவது 1963-இன் ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’. அந்தச் சில நிமிடக் காட்சிக்கு ஹாரிஹவுசன் தனி ஆளாக நான்கரை மாதம் உட்கார்ந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எலும்புக்கூட்டுக்கு ஒரு தலை, இரண்டு கை, இரண்டு கால். ஏழுக்கு 35. ஒரு ஃபிரேமுக்கு 35 அசைவு, அதில் ஒன்றை மறந்தாலும் திரையில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முழு நாள் வேலையில் ஒரு வினாடிப் படம்கூடச் சேராது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தச் சண்டையில் ஜேசன் ஜெயிப்பதில்லை. கூட நின்ற இருவர் செத்துவிழ, அவன் பாறையிலிருந்து கடலில் குதித்துத் தப்பிக்கிறான். செத்தவனை மறுபடி எப்படிக் கொல்வது? ஓடத்தான் வேண்டும். கதாநாயகன் ஓடலாம் என்று ஒத்துக்கொள்கிற நேர்மை இந்த வகைக் கதைகளுக்கு உண்டு.

அந்த நேர்மை எங்கிருந்து வந்தது என்று கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்காவில் மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சடித்து விற்ற கதைப் பத்திரிகைகள் இருந்தன. நம் ஊரில் சாணித்தாள் என்று சொல்கிறோமே, அந்த மாதிரித் தாள். 1923-இல் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ அப்படி ஒன்று. அதில் 1932 டிசம்பரில் கோனன் என்ற காட்டுவீரனின் முதல் கதை வந்தது. எழுதியவர் ராபர்ட் இ. ஹோவர்ட், டெக்சாஸில் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். எண்ணெய் கிடைத்த வேகத்தில் கண்டவனும் வந்து குவிந்து, அடிதடியும் குடியுமாக இருந்த ஊரில் வளர்ந்தவர். பத்திரிகை அவருக்குப் பணம் பாக்கி வைத்தது. முப்பது வயதில், 1936 ஜூனில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்தச் சில வருடங்களில் எழுதிய கதைகளில் கோனன் ஒரு கதையில் ராஜா, அடுத்ததில் திருடன், இன்னொன்றில் கடற்கொள்ளைக்காரன். உலகத்தைக் காப்பாற்றுவது அவன் வேலையில்லை. இன்றைக்குச் சாப்பாடு, இன்றைக்குக் கூலி, மிஞ்சினால் ஒரு பழிக்குப் பழி. பத்திரிகையில் பக்கம் குறைவு, அதனால் கதை முதல் வரியிலேயே ஓடத் தொடங்கிவிடும். இந்த வகைக்கு ‘ஸ்வார்ட் அண்ட் சார்சரி’, அதாவது வாளும் மந்திரமும், என்ற பெயரே 1961-இல்தான் ஃபிரிட்ஸ் லைபர் என்ற எழுத்தாளர் வைத்தார். பெரிய பெரிய ராஜ்யங்களின் போர்க் கதைகளோடு இதைச் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அவையும் நல்ல கதைகள்தான். ஆனால் அது கல்யாண விருந்து, இது ரோட்டோரப் பரோட்டாக் கடை. பசி வேறு.

கோனன் எங்கள் தியேட்டருக்கு 1984 வாக்கில் வந்தான். 1982-இல் ஜான் மிலியஸ் ஸ்பெயினில் எடுத்த படம், அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர். அகலத் திரைக்கான ஸ்கோப் லென்ஸை மாட்டி முதல் ரீலை விட்டேன். தமிழ்க் கதைச் சுருக்கம் எதுவும் கிடையாது, தியேட்டரில் இங்கிலீஷ் தெரிந்தவர் நாலு பேர் இருந்தால் அதிகம். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஏனென்றால் முதல் ரீலில் பேச்சே கொஞ்சம்தான். அப்பா வாள் வடிக்கிறார், பனியில் குதிரைகள் வருகின்றன, ஊர் எரிகிறது. பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வாள் ஒரு வீச்சு. அம்மாவின் கை அவன் கையிலிருந்து நழுவுகிறது. அவ்வளவுதான் காட்டுவார்கள். பிறகு ஒரு பெரிய செக்கில் கட்டிவிடுகிறார்கள். கூடச் சுற்றிய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்துபோக, அந்தப் பையன் தனியாகச் சுற்றிச் சுற்றியே ஆளாகிறான். பாசில் பொலிடோரிஸின் இசைதான் கதை சொல்கிறது. செக்கடியில் வேலை பார்த்த ஒரு பெரியவர் இடைவேளையில் டீக்கடையில் நின்று, “அந்தப் பயலுக்குத் தோள் அப்படித்தான் வரும், பாத்திருக்கேன்” என்றார். அவருக்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

மந்திரம் அந்தப் படத்தில் மூன்று நாலு இடத்தில்தான் வரும். வில்லன் துல்சா டூமாக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். பாம்பாக மாறுவது ஒரே ஒரு முறை. அதைவிடப் பயங்கரம், அவன் மந்திரமே போடாத ஒரு காட்சி. இரும்பைவிட மனுஷ உடம்புதான் பலம் என்று கோனனிடம் சொல்லிவிட்டு, மலை உச்சியில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்து “வா” என்று கூப்பிடுகிறான். அவள் சிரித்த முகத்தோடு காலை முன்னால் எடுத்து வைக்கிறாள். கீழே பாறை. குரல் ஒன்றே போதும் என்று தெரிந்த மந்திரவாதி அவன்.

கோனனை மரத்தில் அறைந்து சாகவிடுகிறார்கள். கழுகு கொத்த வரும்போது அவன் அதன் கழுத்தைப் பல்லால் கடிக்கிறான். இது ஹோவர்ட் 1934-இல் எழுதிய கதையிலிருந்து எடுத்தது. பிறகு அவன் உடம்பு முழுக்க மந்திர எழுத்து எழுதி, ராத்திரி வரும் ஆவிகளோடு அவன் காதலி வலேரியா போராடி அவனை மீட்கிறாள். இதற்குத் தெய்வங்கள் கூலி கேட்கும் என்று எச்சரித்தும் அவள் பின்வாங்கவில்லை. கூலியைக் கடைசியில் அவளே கொடுக்கிறாள். சிறு வயதில் என் ஆச்சி சொன்ன கதைகளில் மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். எங்கேயோ ஒரு இடத்தில் கணக்குத் தீர்த்தே ஆக வேண்டும் என்பது எல்லா ஊர்ப் பாட்டிகளுக்கும் தெரிந்திருக்கிறது. (இது சின்னப் பிள்ளைகளுக்கான படமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டுரையில் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று போட்டிருந்தது.)

2011-இல் அதே பெயரில் மறுபடி எடுத்தார்கள். மகன் கூட்டிப்போனான். சண்டைக்குக் குறைவில்லை, நடித்த பையனும் நன்றாகவே இருந்தான். ஆனால் உலகத்தை ஆள ஒரு முகமூடி, அதைத் தேடி ஒரு வில்லன். வெளியே வரும்போது எனக்கு ஒரு முகமும் ஞாபகமில்லை.

இன்னும் ஒரே ஒரு படம் சொல்லி முடிக்கிறேன். 1981-இல் மேத்யூ ராபின்ஸ் எடுத்த ‘டிராகன்ஸ்லேயர்’. எங்கள் ஊருக்கு இது வரவேயில்லை, போன வருடம்தான் பேரனோடு வீட்டில் பார்த்தேன். ஒரு நாட்டில் டிராகனுக்குப் பலி கொடுக்கக் குலுக்கல் முறையில் கன்னிப் பெண்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ராஜா தன் மகளின் பெயரை மட்டும் குலுக்கலில் போடாமல் வைத்திருக்கிறார். அது தெரிந்ததும் அந்தப் பெண் எல்லாச் சீட்டிலும் தன் பெயரையே எழுதிவிடுகிறாள். டிராகன் செத்த பிறகு ராஜா வந்து, செத்த உடம்பில் வாளைக் குத்தி, கொன்றவர் அவர்தான் என்று பெயர் வாங்கிக்கொள்கிறார். பேரன் கோபத்தில் எழுந்து நின்றுவிட்டான். “தாத்தா, அவரு கொல்லவே இல்லையே!” என்றான்.

அந்த டிராகனும் பொம்மைதான். ஃபில் டிப்பெட்டும் அவர் கூட்டாளிகளும் ஹாரிஹவுசன் முறையில் ஒரு மாற்றம் செய்தார்கள். கேமரா திறந்திருக்கும் அந்த நொடித்துண்டில் பொம்மையை மோட்டாரால் லேசாக அசைத்தார்கள். அதனால் ஃபிரேமில் கலங்கல் வந்தது. ரீவைண்டிங் மேசையில் நான் கண்ட வித்தியாசத்தை அவர்களும் கண்டு, அதைத் தீர்க்க ஒரு மிஷினே செய்திருக்கிறார்கள். பேரனுக்கு அதை விளக்கப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். இறக்கை கலங்கலாக இருந்தது. கோபத்தை மறந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

கம்ப்யூட்டர் மேல் எனக்கு விரோதம் இல்லை. அதிலும் ராத்திரி பகலாக உட்கார்ந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதுவும் கை வேலைதான். நான் கேட்பது இரண்டே விஷயம். எலும்புக்கூட்டுச் சண்டை பற்றிய வருடத்தைத் திருத்திப் போடுங்கள். அடுத்த முறை இந்தப் படங்களைப் பற்றி எழுதும்போது, மந்திரத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

காளி சண்டை ரீல் மூன்றாம் நாள் ஒட்டுவிட்டு அறுந்தது. அண்ணாச்சி வெட்டி ஒட்டியதில் மிஞ்சிய துண்டு என்னிடம் இருக்கிறது, 11 ஃபிரேம். நிறமெல்லாம் சிவந்துபோய்விட்டது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் சிந்துபாத்தின் கை கலங்கலாகவும் காளியின் ஆறு கையும் தெளிவாகவும் இன்னமும் தெரியும். கட்டுரை எழுதிய தம்பி இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பூதக்கண்ணாடியும் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
கோவில்பட்டி.